மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

உங்கள் கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபில் நீளமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். அதில் கடைசியாகத் தண்ணீர் ஓடியது எப்போது என்று லேப் அசிஸ்டென்டைக் கேட்டுப் பாருங்கள். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாங்களே, அன்னைக்கு ஓடுச்சு சார்" என்று பதில் வந்தால் உங்கள் கல்லூரி பரவாயில்லை. நான் 26 ஆண்டுகள் வேலை பார்த்த இடத்தில் அந்தத் தொட்டியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, மாடல் எக்ஸாம் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். பலகையைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த மடலில் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

ஜனவரி பிறந்தால் உங்கள் அறை வாசலில் புராஜெக்ட் பேட்ச்கள் நிற்கத் தொடங்கும். நான்கு பேர், ஒரு லேப்டாப். திரையில் ஒரு வட்டம். அதன் பின்னால் சிவப்பும் நீலமுமாகச் சுழல்கள் மாறி மாறிப் பிரிந்து போகும். பார்க்க அழகாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஒருமுறை வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மாணவியிடம் கேட்டார்: "இந்தச் சிவப்பு இங்கதான் இருக்கணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வந்துச்சு" என்றாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு கைடு நான்தான்.

அந்தக் கேள்விக்கு அவள் வேறு எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும், அதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே உயரழுத்த மின்கம்பிகள் போகும் இடத்துக்கு உங்கள் மாணவர்களை ஒரு காலையில் அழைத்துப் போங்கள். கோபுரத்தை ஒட்டி, ஒவ்வொரு கம்பியிலும் சின்ன டம்பெல் மாதிரி ஒன்று தொங்கும். பேருந்து ஜன்னலிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். அது என்ன என்று நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேளுங்கள். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் 1920களில் உருவாக்கிய அதிர்வுத் தணிப்பான் அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்போம். கம்பியைத் தேய்த்து அறுக்க அவ்வளவு பெரிய காற்று தேவையில்லை. நொடிக்கு ஒரு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வேகத்தில் சீராக வீசினால் போதும். கம்பியைத் தாண்டிப் போகும் காற்று மேலே ஒரு சுழலையும் கீழே ஒரு சுழலையும் மாற்றி மாற்றிக் கழற்றிவிடும். ஒவ்வொரு கழற்றலும் கம்பியை ஒரு பக்கம் இழுக்கும். மேலே ஓர் இழுப்பும் கீழே ஓர் இழுப்பும் சேர்ந்தது ஓர் ஆட்டம். நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதற்கு 1878-லேயே கணக்கு வந்துவிட்டது. காற்றில் கம்பியைச் சுழற்றி அது எழுப்பும் ஓசையைக் கேட்டுக் கண்டவர் செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல். வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, ஏறக்குறைய 0.2-ஆல் பெருக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் கம்பியில் நொடிக்கு 3 மீட்டர் காற்று பட்டால் நொடிக்கு 20 ஆட்டம். ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் என்று மாணவர்களே பெருக்கிக்கொள்ளட்டும்.

இதுவரை நாம் சரியாகத்தான் பாடம் நடத்துகிறோம். அடுத்த படியில்தான் வழுக்குகிறோம். கம்பி ஆடத் தொடங்கியதும் காற்றின் போக்கும் மாறிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள், சுழல்கள் தங்கள் கணக்கை விட்டுவிட்டுக் கம்பியின் ஆட்டத்துக்குத் தாளம் போடத் தொடங்கும். ஆட்டுவது காற்றா, கம்பியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை அது. வகுப்பில் இதைச் சொல்ல நேரம் இல்லாமல், "ரெஸொனன்ஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, டகோமா பாலம் உடையும் வீடியோவைப் போட்டுக் காட்டுகிறோம். 1940 ஜூலை 1-ல் திறந்து நவம்பர் 7-ல் விழுந்த பாலம் அது. அதைப் பாடப்புத்தகங்கள் வெறும் ஒத்ததிர்வு என்று எழுதுவது தவறு என்று பில்லாவும் ஸ்கான்லனும் 1991-ல் ஓர் அமெரிக்க இயற்பியல் இதழில் விரிவாக எழுதினார்கள். பாலம் முறுக்கிக்கொண்ட அசைவே, அதை மேலும் முறுக்கும் விசையைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் என் வகுப்பில் நான் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் வகுப்பில் எப்படி?

இது வெறும் பாடப்புத்தகச் சண்டை என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் மோஞ்சு அணு உலையில் திரவ சோடியம் ஓடும் குழாய்க்குள் வெப்பமானியைச் செருகி வைக்கும் ஒரு சிறு உறை இருந்தது. ஓட்டம் ஏற்படுத்திய அதிர்வில் உலோகம் சோர்ந்து, 1995 டிசம்பர் 8-ல் அது முறிந்தது. சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அந்த உலை மறுபடி இயங்க 2010 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016-ல் அதை நிரந்தரமாக மூட முடிவு செய்தார்கள். அதே சோடியம் ஓடும் வகை உலையைத்தான், 500 மெகாவாட் அளவில், நாம் கல்பாக்கத்தில் கட்டியிருக்கிறோம். நம் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அங்கே வேலைக்குப் போவார்கள்.

கலிஃபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே புதிதாக மாற்றிய நீராவி உற்பத்திக் கலன்களில் குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, 2012 ஜனவரியில் ஒரு குழாய் கசிந்தது. 2013 ஜூனில் நிலையத்தையே நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். வடிவமைப்புக்குப் பயன்படுத்திய கணினி நிரல், குழாய்களுக்கு இடையே பாயும் நீராவியின் வேகத்தைக் குறைத்துக் கணித்திருந்தது என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை சொன்னது. "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் வந்துச்சு" என்று என் மாணவி சொன்னபோது சிரித்தவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கணினியை மூடிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. தண்ணீரை மட்டும் வைத்துச் சோதனை செய்வதன் சிரமம் எனக்குத் தெரியும். ஓர் உருளையை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு ஓடும் நீரில் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்ற வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும். நிறையை மாற்ற, கழற்றிப் பூட்ட வேண்டும். தணிப்பு நம் கையிலேயே இல்லை. பேரிங்கின் உராய்வு எவ்வளவோ அவ்வளவுதான். கனடாவில் ஃபெங் என்ற ஆய்வாளர் 1968-ல் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அளவீடுகளை உலகம் பல பத்தாண்டுகளாக மேற்கோள் காட்டிவருகிறது. அவருடைய உருளை காற்றோடு ஒப்பிட்டால் மிகவும் கனமானது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம்சனின் குழு இலேசான உருளையைத் தண்ணீரில் வைத்தபோது, ஃபெங் காணாத இன்னொரு பெரிய ஆட்டமே இருப்பது தெரிந்தது. நிறையை மாற்றியதும் புது உலகமே திறந்தது. நிறையை மாற்றுவது அவ்வளவு பாடாக இருந்ததால்தான் அந்த உலகம் அத்தனை காலம் மூடிக் கிடந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தச் சோதனையில் நமக்கு எது தெரியும், எது தெரியாது? ஸ்பிரிங் எப்படி நடந்துகொள்ளும் என்பது பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். நிறையும் தெரியும், தணிப்பும் தெரியும். மூன்றையும் ஒரு வரிச் சமன்பாட்டில் எழுதிவிடலாம். தெரியாதது தண்ணீர்தான். ஆடும் உருளையின் மேல் அது அடுத்த கணம் எவ்வளவு விசை போடும் என்பதைத்தான் சூப்பர் கம்ப்யூட்டரே மூச்சு வாங்கிக்கொண்டு, பல அனுமானங்களை வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. நாமோ தெரியாத தண்ணீரைக் கணினியிடம் கொடுத்துவிட்டு, தெரிந்த ஸ்பிரிங்கைக் கடையில் தேடி அலைகிறோம். தலைகீழாக அல்லவா இருக்கிறது?

தெரிந்ததைக் கணினியிடம் கொடுங்கள். தெரியாததைத் தண்ணீரிடமே கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹோவரும் ட்ரையன்டஃபிலோவும் 1997-லேயே இதைச் செய்து காட்டினார்கள். கார்னெலில் மகௌஸ்கியும் வில்லியம்சனும் 2011-ல் இதற்கென்றே ஒரு சோதனைக்கூடத்தை விவரித்து எழுதினார்கள். "சைபர்-ஃபிசிகல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு மூங்கில் கழியைச் செங்குத்தாகப் பிடித்திருப்பவர்களுக்கு இது புரியும். கழி கையில் துடிக்கும். தண்ணீர் இடப்பக்கம் தள்ளினால் கை கொஞ்சம் இடம் கொடுக்கும், பிறகு நடுவுக்கு இழுக்கும். அங்கே ஸ்பிரிங் உங்கள் கைதான். இறுக்கிப் பிடித்தால் விறைப்பான ஸ்பிரிங், தளர்த்திப் பிடித்தால் மெல்லிய ஸ்பிரிங். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு மோட்டாரையும் கணினியையும் வையுங்கள். உருளை தண்ணீருக்குள் தொங்கும். மேலே ஒரு தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டியும், அதைப் பக்கவாட்டில் நகர்த்தும் சர்வோ மோட்டாரும் இருக்கும். உருளைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு லோட் செல். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்று லோட் செல் சொல்லும். உருளை தானே அசைவதால் அதன் சொந்த நிறை காட்டும் விசையையும் லோட் செல் சேர்த்தே சொல்லும், அதைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது தண்ணீரின் விசை. "நான் சொன்ன நிறையும் ஸ்பிரிங்கும் தணிப்பும் உண்மையிலேயே இருந்திருந்தால், இந்தத் தள்ளலுக்கு உருளை இந்நேரம் எங்கே போயிருக்கும்?" என்று கணினி கணக்குப் போடும். அந்த இடத்துக்கு மோட்டார் உருளையைக் கொண்டுபோய் வைக்கும். உருளை நகர்ந்ததால் தண்ணீர் வேறு மாதிரி தள்ளும். மறுபடி அளவு, மறுபடி கணக்கு. நொடிக்கு ஆயிரம் தடவை.

ஸ்பிரிங் இல்லாமலேயே ஸ்பிரிங்கில் ஆடும் உருளை. தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்பை மாற்ற வேண்டுமா, ஓர் எண்ணைத் தட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும் ஸ்பிரிங் வேண்டுமா, சமன்பாட்டில் ஒரு பகுதியைச் சேருங்கள். கடையில் கிடைக்காத ஸ்பிரிங்கும் கீபோர்டில் கிடைக்கும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னிட்சாஸ் இதே அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை உருவாக்கினார். மெதுவாக ஓடும் ஆற்றிலிருந்துகூட ஆற்றலை எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். எந்த ஸ்பிரிங், எந்தத் தணிப்பு வைத்தால் அதிக ஆற்றல் கிடைக்கும் என்று தேட, அவர் குழுவும் இந்த மாய ஸ்பிரிங்கைத்தான் நாடியது.

நிறையின் கதை இன்னும் சுவையானது. சாதாரணமாக ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் உருளையின் ஆட்டம் அடங்கிவிடும். ஆனால் உருளையின் நிறை, அது விலக்கும் தண்ணீரின் நிறையில் ஏறக்குறைய 0.54 பங்குக்குக் கீழே போனால் ஆட்டம் அடங்கவே அடங்காது, எவ்வளவு வேகம் வைத்தாலும் ஆடிக்கொண்டே இருக்கும் என்று கோவர்தனும் வில்லியம்சனும் கண்டார்கள். ஸ்பிரிங்கையே அவிழ்த்துவிட்டு அதைச் சோதித்து, 2002-ல் எழுதினார்கள். ஸ்பிரிங் இல்லாத உருளைக்கு இயல்பான அதிர்வெண்ணே கிடையாது. ஆகையால் அதற்கு எந்த வேகமும் எல்லையற்ற வேகம்தான். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள். அந்தக் கோவர்தன் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் பேராசிரியர். நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பேருந்து தூரம். இந்தத் துறை எங்கோ கடல் கடந்து இருக்கிறது என்று இனியும் நாம் சொல்ல வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மோட்டார் வாங்கக் கிளம்பிவிடுவீர்களோ என்று ஒரு பயம் வருகிறது. கிளம்புமுன் என் தோல்வியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, பலகையை எடுத்துவிட்டு, நான்கு மாணவர்களோடு இதைச் செய்யத் துணிந்தேன். 3 சென்டிமீட்டர் உருளை. தண்ணீர் நொடிக்கு 0.3 மீட்டர். ஸ்ட்ரூஹல் கணக்குப்படி நொடிக்கு 2 ஆட்டம். மோட்டாரையும் லோட் செல்லையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். லோட் செல்லுக்கு எடைத் தராசில் இருக்கும் சின்ன போர்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. தணிப்பு பூஜ்யம் என்று டைப் செய்து ஓடவிட்டோம். உருளை ஆடியது. பையன்கள் கைதட்டினார்கள். ஆனால் பிறர் எழுதியிருந்தது ஏறக்குறைய ஒரு விட்டம் அளவுக்கான வீச்சு. எங்களுக்குப் பாதிகூட வரவில்லை. "தண்ணி ஃபோர்ஸ் பத்தல சார்" என்று பம்பைக் கூட்டினோம். பேரிங்கைத் துடைத்து எண்ணெய் போட்டோம். மூன்று வாரம் போயிற்று.

ஒருநாள் சால்டரிங் அயர்ன் இரவல் கேட்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் துறைப் பையன் ஒருவன் வந்தான். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "சார், உங்க லூப்புல மொத்த டிலே எவ்ளோ?" என்று கேட்டான். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அந்த போர்டு நொடிக்கு 80 அளவுகளுக்கு மேல் தராது, அதாவது 12.5 மில்லி நொடிக்கு ஒன்று. அதன் உள் வடிகட்டல், கேபிளில் போகும் நேரம், மோட்டாரின் சோம்பல் எல்லாம் சேர்த்து அளந்தால் 60 மில்லி நொடி வந்தது. அரை நொடிக்கு ஓர் ஆட்டம் ஆடுகிற உருளைக்கு 60 மில்லி நொடி சிறிதில்லை. தண்ணீர் தள்ளி முடித்த பிறகு நாங்கள் நகர்ந்துகொண்டிருந்தோம்.

கணக்கைப் போட்டுக் காட்டியவனும் அவனே. உருளைக்கு நாம் கொடுக்கும் நிறையும் அது விலக்கும் தண்ணீரின் நிறையும் சமம் என்று வைத்துக்கொண்டால், வெறும் 10 மில்லி நொடி தாமதமே சுமார் 3 சதவீதத் தணிப்பைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடும். 60 மில்லி நொடிக்கு அது 20 சதவீதத்தை நெருங்கும். பூஜ்யம் என்று நாங்கள் டைப் செய்தது கணினிக்குத்தான் பூஜ்யம். தண்ணீர் சந்தித்தது ஏதோ தேனில் நனைத்த ஸ்பிரிங்கை. வேறு வகை அமைப்பில் இதே தாமதம் எதிர்ப்பக்கம் வேலை செய்து, இல்லாத ஆற்றலை ஊட்டி, கருவியையே பிய்த்துக்கொண்டு போகச் செய்யும். போர்டை மாற்றி, நொடிக்கு ஆயிரம் அளவு எடுக்கத் தொடங்கியதும் எங்கள் உருளை எழுந்து ஆடியது. அன்றுதான் லேபில் முதல்முறையாக எல்லோரும் பேசாமல் நின்றோம்.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மாய ஸ்பிரிங்கும் பொய் சொல்லும். ஆனால் எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று அளந்து பார்க்க முடியும், திரையின் சிவப்பை அப்படி அளக்க முடியாது. இரண்டாவது, நம் தொட்டியில் ஆடும் உருளை ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியாகிவிடாது. ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் நம் தொட்டியில் 9,000 அளவில் நிற்கும். 5 மீட்டர் விட்டமுள்ள புகைபோக்கியில் நொடிக்கு 10 மீட்டர் காற்று பட்டால் அது 30 லட்சத்தைத் தாண்டும். அந்த இடைவெளியை எந்த மாய ஸ்பிரிங்காலும் மூட முடியாது. இதை மாணவர்கள் ரிப்போர்ட்டில் எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள், கூட்டிப் போடுங்கள்.

சரி, அந்தப் பையன் சால்டரிங் அயர்ன் கேட்டு வராமலே இருந்திருந்தால்?

இதுதான் என் மனக்குறை. தண்ணீர் இருக்கும் அறையின் சாவி சிவில் துறையில். அதிர்வு சொல்லித் தரும் லேபின் சாவி மெக்கானிக்கலில். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபின் சாவி எலக்ட்ரிகலிலோ இன்ஸ்ட்ருமென்டேஷனிலோ. மூன்றும் ஒரே கட்டடத்தின் மூன்று மாடிகளில். ஒரு லோட் செல்லை மாடி மாற்ற ஹெச்.ஓ.டி. கடிதம், ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்து, அவுட் பாஸ். மூன்று வாரம் நாங்கள் தேடிய பதில் மேல் மாடியில் ஐந்தாம் செமஸ்டர் பையனுக்குத் தெரிந்திருந்தது. மாணவர்கள் கேண்டீனில் ஒரே மேஜையில் டீ குடிக்கிறார்கள். புராஜெக்ட் என்று வந்ததும் நாம் அவர்களைத் துறைவாரியாகப் பிரித்து வைக்கிறோம். தண்ணீருக்கு எந்தத் துறை என்று தெரியாது. அதில் ஆடும் உருளைக்கும் தெரியாது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். நானும் சொல்லியவன்தான். "ஃபண்ட் இல்லை." எங்கள் செட்டப்பில் விலை உயர்ந்த பொருள் மோட்டார்தான். தொட்டியும் பம்பும் ஏற்கெனவே உங்களிடம் தூசி படிந்து இருக்கின்றன. ஓடும் நீர்த் தொட்டியே இல்லையா? தேங்கிய நீரில் உருளையைச் சீரான வேகத்தில் இழுத்துப் போனாலும் இயற்பியல் ஒன்றுதான். "பிளேஸ்மென்டுக்கு இது உதவுமா?" சென்சார், மோட்டார், லூப், தாமதம் ஆகிய நான்கையும் கையால் தொட்டுத் தெரிந்த பிள்ளையை ரோபோவிலிருந்து கார் வரைக்கும் எந்த நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லாது. "சிலபஸில் இல்லை." புராஜெக்டுக்கு சிலபஸ் கிடையாது. அதற்குத்தான் அதைப் புராஜெக்ட் என்கிறோம். "தண்ணீர் வராது, ரிசல்ட் வராது, சாஃப்ட்வேரில் கட்டாயம் படம் வரும்." இதுதான் உண்மையான பதில் என்று நினைக்கிறேன். படம் கட்டாயம் வரும் என்பதால்தான் அது பாதுகாப்பாக இருக்கிறது. தோற்கவே முடியாத சோதனையில் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு.

ஒன்று, வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு பேட்ச் மட்டும் மூன்று துறைப் பிள்ளைகளைச் சேர்த்து அமையுங்கள். மூன்று துறையிலிருந்தும் ஒவ்வோர் ஆசிரியர் கைடாகக் கையெழுத்திடுங்கள். யார் கணக்கில் போகும் என்ற சண்டையை ஓராண்டு தள்ளிப்போடுங்கள்.

இரண்டு, மாய ஸ்பிரிங்குக்குப் போகுமுன் ஒரு நிஜ ஸ்பிரிங்கை மாட்டுங்கள். உருளையை இழுத்து விட்டு, ஆட்டம் அடங்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். அதே எண்களைக் கணினியில் போட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும்.

மூன்று, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், சுருக்கத்துக்கும் முன்னால், "இந்த அமைப்பின் மொத்தத் தாமதம் இத்தனை மில்லி நொடி" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அளக்காதவர்களின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு, சாஃப்ட்வேர் பேட்ச்சை நிறுத்த வேண்டாம். இவர்கள் அளந்த எண்களை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு பேட்ச்சும் ஒரே நாளில் வைவாவுக்கு வரட்டும். அடுத்தமுறை ஒரு தேர்வாளர், "இந்தச் சிவப்பு இங்கதான் இருக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "கீழ் மாடியில தண்ணில அளந்து பாத்தோம் சார்" என்று அந்தப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். என் மாணவிக்கு நான் கொடுக்கத் தவறிய வரி அது.

விடைத்தாள் கட்டுகளுக்கு வேறு இடம் கிடைக்கும். கல்லூரி மறுபடி திறக்கும் வாரத்தில் அந்தப் பலகையை எடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவி, பம்பைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து அந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பலகையைத் தாமதமாக எடுத்த ஓர் ஆசிரியர்